இதை யார் துடைப்பது?

என்னிடம் வீட்டு உள்வேலை பேச வருகிறவர்கள் உட்கார்ந்ததும் செல்போனைத்தான் நீட்டுகிறார்கள். படத்தில் ஒரு சமையலறை. சுவரில் கதவில்லாத இரண்டு மரப்பலகைகள், மேலே வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள், கண்ணாடி ஜாடியில் பாஸ்தா, ஓரமாகத் தொங்கும் மணி பிளான்ட். "இதே மாதிரி வேணும் மேடம்." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "இதை யார் துடைப்பது?"

போனை நீட்டியவர் பெரும்பாலும் கணவராக இருப்பார். பதில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் முகத்தில் தெரியும்.

கேள்வி என்னுடையது இல்லை, அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா பாளையங்கோட்டையில் மர ஆசாரி. நான் சிவில் டிப்ளமா முடித்துவிட்டுச் சின்ன வீடுகளுக்கு உள்வேலை செய்து கொடுக்கிறேன். 500 சதுர அடி, 600 சதுர அடி; ஆயிரத்தைத் தாண்டினால் எங்கள் கணக்கில் அது பங்களா. 2013-ல் மாடியில் 620 சதுர அடிக்கு எங்களுக்கென்று ஒரு வீடு எடுத்தபோது, ஊருக்கெல்லாம் சொல்கிற புத்தியை மறந்து, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் அதே திறந்த பலகைகளை அடித்து வைத்தேன். தேக்கு, நல்ல இழைப்பு. பால் காய்ச்சிய அன்று அப்பா வந்து பலகையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்ட்டி இருக்கு. இத யாரு தொடைப்பா?"

"நான்தான் தொடைப்பேன்" என்றேன்.

ஆறு மாதம் துடைத்தேன். நம் சமையலில் தாளிப்பு இல்லாத நாள் கிடையாது. கடுகு வெடிக்கும்போது எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் கிளம்பிப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதன்மேல் படிகிறது. துடைக்காமல் விட்டால் காற்றும் சூடும் பட்டு வார்னிஷ் மாதிரி இறுகிப் பிசுக்காகிறது. அதன்மேல் எங்கள் ஊர் ஆடிக்காற்று கொண்டுவரும் புழுதி. தினம் எடுக்கிற தட்டும் டம்ளரும் கழுவிக் கழுவிச் சுத்தமாகவே இருந்தன. அழகுக்கென்று வைத்த நாலு பீங்கான் கிண்ணங்கள்தான் விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டு வந்தன. ஏழாவது மாதம் அப்பாவையே கூப்பிட்டு, பலகைகளுக்கு நகரும் கண்ணாடிக் கதவு போட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூலியும் வாங்கவில்லை.

அதற்காக என்னை அழகுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய வீட்டில் விருந்தாளிக்கென்று ஒரு அறை இருக்கும், அதில் சும்மா நிற்பதற்கென்றே நாலு சாமான்கள் இருக்கலாம். சின்ன வீட்டில் அலங்காரத்துக்குத் தனி நாற்காலி கிடையாது. வேலை செய்கிற ஏதாவது ஒன்றின் மடியில்தான் அது ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அழகாகவே இருக்கும். இதற்கு எவ்வளவோ உதாரணம் சொல்லலாம். எனக்குப் பிடித்தது சொம்பு.

1957-58-ல் இந்திய அரசின் அழைப்பின் பேரில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி இங்கே வந்தார்கள். செலவை ஏற்றது ஃபோர்டு அறக்கட்டளை. நாற்காலி செய்து உலகப் பெயர் வாங்கியவர்கள் அவர்கள். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1958 ஏப்ரலில் அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961-ல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கக் காரணமாக இருந்த அறிக்கை அது. நாட்டில் பார்த்த பொருள்களிலேயே அவர்கள் மிகவும் வியந்து எழுதியது கோயில் சிற்பத்தைப் பற்றியோ பட்டுச் சேலையைப் பற்றியோ இல்லை. நம் வீட்டுச் சொம்பைப் பற்றி. எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், தூக்குகிற கை ஆணுடையதா பெண்ணுடையதா, இடுப்பிலா தலையிலா, காலியாக இருக்கும்போது பாரம் எங்கே நிற்கும், நிறைந்திருக்கும்போது எங்கே, கழுத்துக்குள் கைவிட்டுக் கழுவ முடியுமா, தட்டினால் எப்படி ஒலிக்கும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இதை ஒரு ஆள் உட்கார்ந்து வரைந்திருக்க முடியாது, பல தலைமுறைக் கைகள் சேர்ந்து தேய்த்து உருவாக்கியது என்று முடிக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து சொல்ல வேண்டியிருந்தது! இன்று அந்தச் சொம்பை ஷோகேஸில் வைத்து விளக்குப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். போடலாம், புழக்கத்தில் இருந்தால் புளி போட்டுத் தேய்ப்போம். ஷோகேஸுக்குப் போன சொம்பு கறுக்கத்தான் செய்யும்.

அப்பா கதவு செய்யும்போது பார்த்திருக்கிறேன். நிலைக்கு மேல் சட்டத்தில் கொடி, அன்னம், தாமரை என்று உளி விளையாடும். தோள் உயரத்துக்குக் கீழே வந்தால் ஒரு கோடு, அதிகம் போனால் இரண்டு கோடு, அவ்வளவுதான். சின்ன வயதில் ஏன் என்று கேட்டேன். மேலே இருப்பது கண்ணுக்கு, கீழே இருப்பது கைக்கு என்றார். கீழே ஆள் உரசும், அரிசி மூட்டை இடிக்கும், பிள்ளைகள் தொங்கும், ஆழமாகச் செதுக்கினால் ஆறு மாதத்தில் மூக்கு உடையும், அழுக்கும் ஏறும். ஆனால் கீழே அழகு இல்லாமல் விட்டார் என்று சொல்ல முடியாது. கை படுகிற விளிம்பை முனை மழுக்கி, விரல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இழைத்துத் தருவார். அந்த இழைப்பு போட்டோவில் விழாது. வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும், அதுவும் இருட்டில்.

தரைக்கு வருவோம். என் தொழிலில் அதிகம் சண்டை வருவது இங்கேதான்.

பெருமாள்புரத்தில் ஆசிரியர் தம்பதி, இரண்டு படுக்கையறை வீடு. வீடு முழுக்க ஆத்தங்குடி ஓடு வேண்டும் என்று நின்றார்கள். சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஆத்தங்குடி. அந்த ஓடு செய்வதை ஒருமுறை பார்த்துவிட்டால் கடையில் அட்டைப்பெட்டியில் வரும் டைல்ஸைப் பார்க்கப் பிடிக்காது. தரையில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூவின் கோடுகளாக வளைத்த தகட்டு அச்சு. சிமென்டும் சன்ன மணலும் நிறமும் கலந்த குழம்பை அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கரண்டியால் ஊற்றுகிறார்கள்: இதழுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், சுற்றிப் பச்சை. அச்சை மெல்லத் தூக்கி எடுத்தால் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அப்படியே நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமென்ட்-மணலைத் தூவுகிறார்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ள. அதற்கும் மேலே கலவையை அப்பி மட்டம் தட்டி, காயவிட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். கடைசியில் கண்ணாடி தனியாகக் கழன்று வந்துவிடும். சூளை கிடையாது, பாலிஷ் கிடையாது. கண்ணாடியின் வழவழப்புதான் ஓட்டின் வழவழப்பு.

நடக்க நடக்க, ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க அதற்கு மெருகு ஏறுகிறது. பூட்டிக் கிடக்கிற வீட்டில் மங்கிப்போகிறது. அப்பாவின் கேள்விக்கு இவ்வளவு நல்ல பதில் சொல்லும் அலங்காரத்தை நான் வேறு பார்த்ததில்லை. துடைப்பதே அதற்குச் சாப்பாடு.

அப்படியானால் வீடு முழுக்கப் போட வேண்டியதுதானே என்றார் வாத்தியார். சமையலறையில் எலுமிச்சைச் சாறு சிந்தும், புளித்தண்ணீர் சிந்தும். அடிப்படையில் இது சிமென்ட். புளிப்பு பட்டால் அரிக்கும், கறை உள்ளே இறங்கும். குளியலறையில் யாராவது ஆசிட் ஊற்றிக் கழுவினால் பூ போய்விடும். இரண்டு அறையிலும் கட்டிலுக்கு அடியில் போய் யார் பார்க்கப்போகிறார்கள்? கடைசியில் ஹாலுக்கு மட்டும் என்று முடிவானது, அதுவும் நடுவில் பாய் விரித்த மாதிரி. 10 அங்குல ஓடு. ஒரு பக்கம் 10 அடிக்கு 12, மறுபக்கம் ஏழரை அடிக்கு 9. ஆக 108 ஓடு, ஒன்றைக்கூட வெட்டவில்லை. 108 என்றதும் டீச்சருக்கு ஒரே சந்தோஷம். எனக்குச் சந்தோஷம் கட்டிங் வேஸ்ட் இல்லாததில். சுற்றிலும் வழுக்காத சாதாரண டைல்ஸ்.

இந்த வேலையில் ஒரு விஷயம் முக்கியம். ஆத்தங்குடி ஓடு முக்கால் அங்குல கனம் இருக்கும். சாதாரண டைல்ஸ் அதில் பாதிகூட வராது. தரைக்குக் கலவை போடுவதற்கு முன்பே கொத்தனாரிடம் சொல்லி அந்த இடத்தை இறக்கிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் ஓரத்தில் மேடு நிற்கும், போகிற வருகிற எல்லாருக்கும் சுண்டுவிரல் தட்டும். முதல் தடவை நான் சொல்ல மறந்து, கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "எம்மா, ஒடைச்சிருவமா?" என்று கேட்டதும் உடைத்ததும் என் செலவில் நடந்தது.

தரைக்கு அடுத்த சண்டை முகப்பில். இப்போது யாரைக் கேட்டாலும் 'எலிவேஷன்' என்கிறார்கள். 3டி படத்தில் வீடு சதுரப் பெட்டி, ஜன்னல் கண்ணாடி சுவரோடு சுவராக, சன்ஷேடு என்ற பேச்சே இல்லை. சன்ஷேடு பழைய பாணி, கோட்டைக் கெடுக்கிறதாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கிழக்குச் சுவரில் அப்படி மூன்று ஜன்னல். ஐப்பசி மழை முதல் அடி அடித்ததும் தண்ணீர் உள்ளே வந்து மெத்தை நனைந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் மூன்று ஜன்னலுக்கும் மேலே பச்சைத் தகரம் மாட்டிவிட்டார்கள். எலிவேஷனுக்குக் கொடுத்த காசு தகரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. 3டி படத்தில் மழை பெய்வதில்லை.

பழைய கொத்தனார்கள் இரண்டடி சன்ஷேடு நீட்டி, அதன் விளிம்பிலேயே அலை அலையாக வேலைப்பாடு செய்தார்கள். அடிப்பக்கம் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளக்கோடு இழுத்திருப்பார்கள். ஓடிவரும் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும், சுவரில் வழிந்து பாசி பிடிக்காது. பார்க்கிறவர்களுக்கு அது டிசைன். ஜன்னலும் அப்படித்தான். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு ஜன்னலுக்கு நாலு கதவு இருக்கும், கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்தால் தெருவில் போகிறவர் கண் உள்ளே வராது, காற்று வரும். இன்று ஒரே கண்ணாடி. தெரு முழுக்க உள்ளே தெரிகிறதென்று அதற்கு ஒரு திரை. திரையை மூடினால் இருட்டு என்று பகலில் ஒரு விளக்கு. நாலு கதவு அடிக்க ஆசாரி கூலி அதிகம்தான், மறுக்கவில்லை. திரையையும் கம்பியையும் கரன்ட் பில்லையும் கூட்டிப் பாருங்கள்.

பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்துக்காரராகவே ஆகிப்போன லாரி பேக்கர், செங்கலை இடைவெளி விட்டு அடுக்கியே சுவர் எழுப்பினார். ஒரே செங்கல், அதுவே சுவர், அதுவே ஜன்னல், அதுவே கோலம். வெயில் அதன் வழியாகத் தரையில் விழும்போது பார்க்க வேண்டும். மரமும் கம்பியும் மிச்சம் என்பதால் செலவும் குறைவு. ஆனாலும் படுக்கையறைக்கு அதைக் கேட்டால் நான் தயங்குவேன். ஒவ்வொரு ஓட்டையிலும் புழுதி உட்காரும், கொசு வரும், வலை அடித்தால் அழகு போகும். மாடிப்படிச் சுவருக்கு வையுங்கள். அங்கே மழைச்சாரலும் காற்றும் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஃபால்ஸ் சீலிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டினால் கோபம் வரும். அடுக்குமாடி வீட்டில் தரைக்கும் கூரைக்கும் ஒன்பதரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீலிங் 10 அங்குலத்தைத் தின்றுவிடும். ஃபேனை அதிலிருந்து ஓரடி இறக்கித் தொங்கவிட்டால்தான் மேலிருந்து காற்றை இழுக்க முடியும். இறக்கினால் போர்வையை உதறும்போது கை போய் இடிக்கும் உயரம். அதனால் கம்பியை வெட்டி ஃபேனைச் சீலிங்கோடு ஒட்டிவிடுகிறார்கள். ஃபேன் சுற்றுகிறது, வேர்க்கிறது. ஓரத்தில் மறைத்து வைத்த விளக்குப் பள்ளத்தில் பல்லி குடியேறுகிறது. கேள்வி அதேதான், அந்தப் பள்ளத்துக்குள் கையை விட்டு யார் துடைப்பது?

அதே விளக்குக் காசை நான் வேறு இடத்தில் போடச் சொல்வேன். நடுக்கூரையில் விளக்கு இருந்தால் சமையல் மேடையில் நறுக்குகிறவரின் நிழலே காய்கறி மேல் விழுகிறது. விரல் வெட்டுப்படுவது இப்படித்தான். மேல் அலமாரியின் அடிப்பக்கம் ஒரு எல்இடி பட்டை ஒட்டினால் நிழல் போய்விடும். ராத்திரி மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அதை மட்டும் எரியவிட்டால் சமையலறை நகைக்கடை மாதிரி இருக்கும். படுக்கையறைக்கும் ஹாலுக்கும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு வேண்டாம், 3000 போதும். ஆஸ்பத்திரி வெளிச்சத்தில் எந்தச் சுவர் வண்ணமும் நன்றாக இருக்காது. பெட்டியிலேயே எண் போட்டிருக்கும்.

கைப்பிடி இல்லாத அலமாரிக் கதவு இன்னொரு மோகம். விளிம்பில் விரலை நுழைத்து இழுக்க வேண்டும். தோசை மாவுக் கையோடு இழுத்துப் பாருங்கள். மினுமினுக்கும் மைக்கா என்றால் வீட்டில் உள்ள எல்லாருடைய கைரேகையும் கதவில் பதிவாகும். புறங்கையால்கூட இழுக்க முடிகிற வளைவுக் கைப்பிடி போதும். அதில் பித்தளை வேண்டுமா, கறுப்பு வேண்டுமா, கொடி வேலைப்பாடு வேண்டுமா, இஷ்டம்போல் செலவு செய்யுங்கள். தினம் நாற்பது தடவை தொடுகிற பொருள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மூட்டுவலிக்காரர் இருக்கிற வீட்டில் உருண்டைக் குமிழ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நான் தோற்ற கதையும் உண்டு. மேலப்பாளையத்தில் ஒரு பாட்டி. ஹால் மொத்தமே 10-க்கு 12. அதில் ஊஞ்சல் வேண்டும் என்றார். சங்கிலி ஊஞ்சல், நாலடிப் பலகை. ஆட இடம் விட்டால் சோபா போட முடியாது, சோபா போட்டால் ஆட முடியாது என்று பேப்பரில் வரைந்தே காட்டினேன். "நீ கொக்கி மட்டும் போட்டுக் குடு, மத்தத நாம் பாத்துக்கிடுதேன்" என்றார். கூரைக் கான்கிரீட்டில் கம்பியோடு கட்டி நாலு கொக்கி போட்டுக் கொடுத்தேன், மனசில்லாமல்தான். இரண்டு வருஷம் கழித்து வேறு வேலைக்காக அந்த வீட்டுக்குப் போனேன். சோபாவே வாங்கவில்லை. பேத்தி ஊஞ்சலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். மதியம் பாட்டி அதில்தான் படுக்கிறார். கைக்குழந்தையோடு வந்திருந்த மகள் அதே கொக்கியில் தொட்டில் கட்டியிருந்தாள். மழை நாளில் சங்கிலிக்குச் சங்கிலி கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்களாம். பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தால் விசேஷத்துக்கு ஹால் காலி. அலங்காரம் என்று நான் நினைத்தது அந்த வீட்டிலேயே அதிகமாக உழைக்கிற சாமானாக இருந்தது. சங்கிலியின் பித்தளைப் பூக்கள் எல்லாம் பளிச்சென்று மின்னின. யார் துடைக்கிறார் என்று கேட்கவே இல்லை. கை பட்டுப் பட்டே மின்னுகின்றன.

அதிலிருந்து நான் வரைபடம் போடும் முன், வருகிறவர்களின் பழைய வீட்டை ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுகிறேன். எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எதன்மேல் தூசி படிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

ஆகவே, வேலை பேச வாருங்கள். போனில் படமும் கொண்டு வாருங்கள், தடுக்கமாட்டேன். கூடவே உங்கள் வீட்டில் யார் துடைக்கிறாரோ அவரையும் அழைத்து வாருங்கள். அம்மாவோ, மனைவியோ, சம்பளத்துக்கு வருகிற அக்காவோ, யாராக இருந்தாலும் சரி. படத்தை முதலில் அவரிடம் காட்டிவிட்டுத்தான் நான் பார்ப்பேன்.